ஏழு வரை

தண்டர் பே. பிப்ரவரி. வியாழன் காலை எட்டரை.
வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் இருமுகின்றன.
முதலாமாண்டு நிலவியல், இருபத்தாறு பேர்.
ஒரு கருங்கல்லைத் தூக்கிப் பிடித்துக் கேட்கிறேன்:
இது குளிர்ந்தது மெல்லவா, சட்டென்றா?

"சட்டென்று" என்கிறான் ப்ரோடி
என் கேள்விக்குறி கீழே விழுமுன்.
முந்திரிக்கொட்டை. நல்ல பையன்.
பெரும்பாலும் சரியாகவே சொல்வான்.
"அருமை" என்கிறேன். அடுத்த கல்.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில்
ஐலா லெஹ்டினனின் கை எழும்,
நிற்கும்,
தலைமுடியைச் சரிசெய்ய எழுந்ததுபோல் இறங்கும்.

என் கேள்வி அதுவரை வழியில் இருந்தது.
என் வாயிலிருந்து சைகை பெயர்க்கும் மார்னியின் காதுக்கு,
காதிலிருந்து விரல்களுக்கு,
விரல்களிலிருந்து ஐலாவின் கண்ணுக்கு.
மூன்று விநாடிப் பயணம்.
வந்து சேரும்போது கடை சாத்தியிருக்கும்.

ஆறு வாரம் இதை நான் பார்க்கவில்லை.
இல்லை, பார்த்தேன்.
கூச்சம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

ஒரு வகுப்பைப் பதிவுசெய்து
இரவு பாத்திரம் கழுவியபடி கேட்டேன்.
நாற்பத்தொரு பதில்கள்.
முப்பத்தாறு மூன்றே குரல்களில்.
கேட்டுவிட்டு நான் காத்திருந்தது
ஒரு விநாடிகூட இல்லை.
நூறு கோடி ஆண்டு, நூறு கோடி ஆண்டு என்று
மூச்சுக்கு மூச்சு சொல்கிறவள் நான்.
குழாயை மூடினேன். என் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மறு வாரம் அறிவித்தேன்:
கேட்டபின் ஏழு வரை எண்ணுவேன்.
அதற்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது, நான் உட்பட.

முதல் ஏழு
பனியில் நின்றுபோன பேருந்துபோல் இருந்தது.
நான்கில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
ஐந்தில் ப்ரோடி உதட்டைக் கடித்தான்.
ஆறில் நானே பதிலைச் சொல்லிவிட இருந்தேன்.
ஏழில்
ஐலாவின் கை.

எல்லோரும் திரும்பினோம்.
அவள் விரல்கள் பேச, மார்னியின் குரல் சொன்னது:

"நீங்கள் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறீர்கள்.
பின்னால் ஏரியின் வெளிச்சம்.
ஆறு வாரமாக உங்களுக்கு முகமே இல்லை."

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
நான் நான்கடி இடப்பக்கம் நகர்ந்தேன்.

பிறகு ஒரு காலி காபி டப்பா வைத்தேன்.
சீட்டில் எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம்.
வந்தவற்றில் சில:

பக்க எண் சொல்லாதீர்கள், என்ன படம் என்று சொல்லுங்கள்.
நான் புத்தகம் வாங்கவில்லை.

என்னைத் திடீரென்று பெயர் சொல்லி அழைக்காதீர்கள்.
ஆனால் மறந்தும் விடாதீர்கள்.

இந்தச் செவ்வந்திக்கல்லைத் தோண்டிய இடம்
அதற்கு முன் யாருடையது?

கடைசிச் சீட்டை மூன்று முறை படித்தேன்.
அன்றைக்கு எடுக்கவிருந்த பாடத்தை எடுக்கவில்லை.

டெஸ்ஃபலேம் இரவெல்லாம் கிடங்கில் சுமை இறக்கிவிட்டு
நேராக வகுப்புக்கு வருகிறவன்.
இன்றுவரை பேசியதில்லை.
கற்களைக் கைக்குக் கை அனுப்பிய நாளில்
தன் மேசைக்கு வந்த ஒன்பதையும்
மூத்தது முதல் இளையது வரை
சத்தமில்லாமல் வரிசையாக வைத்திருந்தான்.
ஒன்றே ஒன்று இடம் மாறியிருந்தது.
பக்கத்திலிருந்த பெண் அதை நகர்த்த,
அவன் தலையசைக்க,
வருகைப் பதிவேட்டின் ஓரத்தில்
அதையும் ஒரு பதிலாகக் குறித்துக்கொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை.
ப்ரோடி இன்னும் ஐந்தில் வழுக்கி விழுகிறான்.
"மன்னிச்சிருங்க, சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கு"
என்றான் ஒரு நாள், எல்லோர் முன்பும்.
அவனையும் நான் கேட்டிருக்கவில்லை போலும்.

நேற்று ஏழு தாண்டியும் ஒரு கை எழவில்லை.
எட்டு.
ஒன்பது.
வெந்நீர்க் குழாய் ஒரு முறை இருமியது.
கல் என் உள்ளங்கையில் சூடேறிக்கொண்டிருந்தது.
பத்து.